அரிசியா சோறான்னு கேளுடா பேராண்டி

டேய் பேராண்டி, உனக்கு சுவாஹிலி மொழிபெயர்ப்பாளர் வேலை கெடச்சிருக்குன்னு உங்கம்மா தெரு முச்சூடும் சொல்லிக்கிட்டுத் திரியுறா. சந்தோசம். நீ எப்படா சுவாஹிலி கத்துக்கிட்டன்னுதான் எனக்கு வெளங்கல. 'எங்க தாத்தா தான்சானியாவுல முந்திரிக்கொட்டை வாங்கிக்கிட்டு இருந்தாரு'ன்னு இன்டர்வியூவுல சொன்னியாமே? உங்க மாமன் ரயில்வேயில கேட் கீப்பரு. போயி ரயிலையும் ஓட்டிடு.

சரி, மெஷினே மொழிபெயர்த்துக் குடுத்துடுமாம், நீ பாத்து, வேணும்னா மாத்தி எழுதி, 'ஓகே'ன்னு டிக் போடணுமாம். விவசாயிக்குப் போன்லயே கடன் குடுக்குற ஆப்பாம். எக்செல் தாளை எனக்கு வாட்ஸ்அப்புல தள்ளிவிட்டு, 'தாத்தா, சும்மா ஒரு பார்வை பாருங்க'ன்னு எழுதியிருக்கே. பாத்தேன். நான் சிரிச்ச சிரிப்புல உங்க ஆயா நெஞ்சு வலியோன்னு பயந்து சொம்புல தண்ணி கொண்டாந்துட்டா.

கோவிச்சுக்காதே. அந்த ஊருல தாத்தனும் பேரனும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு வேணா கேலி பேசலாம். உட்டானின்னு அதுக்குப் பேரு. சில இனத்தாருக்குள்ளயும் அந்த மொறை உண்டு. சாவு வீட்டுக்கே வந்து நக்கல் அடிப்பான், யாரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது. நான் இப்பச் சொல்லப் போறதை அந்தக் கணக்குல எழுதிக்கோ.

மொதல் புத்திமதி: அகராதியைத் தொற, கண்ணுல மொதல்ல பட்ட அர்த்தத்தை எடு, மூடு. யோசிக்காதே. யோசிச்சா ஒரு மணிக்கு இத்தனை வார்த்தைன்னு உங்க மேனேஜர் வெச்சிருக்கிற கணக்கு கெட்டுப்போயிடும். நான் சொல்லாமலே நீ இந்த வழியிலதான் போயிருக்கேன்னு தாளைப் பாத்தாலே தெரியுது.

'ஃபைல்'னு ஒரு பொத்தான். இங்கிலீஷ்ல ஃபைலுன்னா காகிதக் கட்டும் ஆகும், இரும்பைத் தேய்க்கிற அரமும் ஆகும். காகிதக் கட்டுக்கு அங்க ஃபைலின்னே சொல்லுவான். நீ அரத்தைப் புடிச்சுக்கிட்டு டூப்பான்னு போட்டிருக்கே. அதோட போயிருந்தா பரவாயில்ல. டூப்பான்னா 'தூக்கிப் போடு'ன்னும் அர்த்தம்டா. நெவாலா பக்கம் ஒரு விவசாயி நெலத்துக் காகிதத்தை போட்டோ புடிச்சு ஏத்திட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு பொத்தானைப் பாக்குறான். 'எறி'ன்னு இருக்கு.

'டேபிள்'னு வர்ற எடத்துல மேஸா. சாப்பாட்டு மேசைக்கு அதான் வார்த்தை, போர்த்துக்கீசியன் விட்டுட்டுப் போனது. நம்ம மேசையும் அவன் விட்டுட்டுப் போனதுதான். ஆனா உங்க ஆப்புல இருக்கிறது கட்டம் போட்டு தவணை எழுதுன டேபிளு. அதுக்கு ஜெட்வாலின்னு தனியா ஒரு சொல்லு இருக்கு. மேஸான்னா 'முழுங்கு'ன்னும் ஆகும். ஆஸ்பத்திரியில மாத்திரையைக் கையில குடுத்துட்டுச் சொல்லுற சொல்லு அது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் தவணையை முழுங்கச் சொல்றாங்க போலிருக்குன்னு நெனச்சுக்குவான். கடன் வாங்குனவனுக்கு இதைவிட இதமான யோசனையை எந்த பேங்கும் சொன்னதில்ல.

அப்புறம் 'டேட் ஆஃப் பர்த்'. நாள் கெழமைக்கு டாரெஹே. நீ போட்டிருக்கிறது டெண்டே. டெண்டேன்னா பேரீச்சம்பழம். நோன்பு மாசத்துல சான்சிபார் கடைத்தெருவுல குமிச்சு வெச்சிருப்பான். 'உங்கள் பிறப்புப் பேரீச்சம்பழத்தைப் பதிவு செய்க'ன்னு கேட்டா அந்த ஆளு என்னத்தைடா பதிவு பண்ணுவான்?

எனக்கு இதுல பொறுக்காதது என்னன்னா, தமிழ்ல யோசிச்சிருந்தா பாதித் தப்பு உன் கிட்டயே வந்திருக்காது. வெள்ளைக்காரன் ஒரே வார்த்தையில போட்டு மூட்டை கட்டி வெச்சிருக்கிறதை எங்கெங்க பிரிக்கணுமோ அங்கங்க சுவாஹிலிக்காரனும் பிரிச்சிருக்கான், நாமளும் பிரிச்சிருக்கோம். எதுக்குக் கடன் வேணும்னு கேக்குற எடத்துல 'ரைஸ்'னு இருக்கு. நீ வாலின்னு எழுதியிருக்கே. இது ராமாயணத்து வாலி இல்ல, வாலின்னா சோறு. வெதை வாங்கவும் நடவுக்கும் பணம் கேட்டவனை, சோத்துக்கு வழியில்லாம கடன் கேட்டவனா ஆக்கிட்டே. வயல்ல நிக்கிறது ம்புங்கா. மில்லுல உமி போயி வந்தது ம்செலே. பானையில வெந்தது வாலி. நெல்லு, அரிசி, சோறு. நடவு நட்ட வம்சத்துல பொறந்தவன் இந்த மூணுல கோட்டை விடலாமா? இங்கிலீஷ்காரனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவன் வயல்ல அது வெளைஞ்சிருந்தா அவனும் மூணு பேரு வெச்சிருப்பான்.

தேங்காய்க்கும் இதே கதைதான். எளநிக்கு டாஃபு, முத்துன காய்க்கு நாஸி, ரெண்டுக்கும் நடுவாந்தரமா இருக்கிறதுக்கு கொரோமா, புழிஞ்ச பாலுக்கு டூயி. இங்கிலீஷ்ல எல்லாம் கோகோநட்டு, முன்னாலயோ பின்னாலயோ ஒரு ஒட்டு. அந்தத் தேங்காயைத் துருவுறதுக்கு அங்க ஒரு சாமான் உண்டு. குட்டையா, மடக்கி வெக்கிற மரப்பலகை. உக்காருற எடத்துக்கு முன்னால ஒரு இரும்பு நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், நுனியில சுத்திவர பல்லு. பொம்பளைங்க பலகையில ஏறி உக்காந்து, தேங்காமூடியை ரெண்டு கையாலயும் கவுத்துப் புடிச்சு, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அந்தப் பல்லுல தேய்ப்பாங்க. கீழ வெச்ச தட்டுல பூ உதுரும். ஓடு தட்டுப்படுற சத்தம் கேட்டதும் அடுத்த மூடி. அந்தப் பலகைக்குப் பேரு ம்பூஸி. ம்பூஸின்னா ஆடு. ஆமாண்டா, மே-ன்னு கத்துற ஆடேதான். நாளைக்கு மெஷின் ஒரு சமையல் குறிப்பை இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்து, 'ஆட்டுல தேங்காயைத் துருவவும்'னு வந்தா, அங்க எது ஆடு எது பலகைன்னு சொல்ல ஒரு மனுசன் வேணும். உனக்குச் சம்பளம் அதுக்குத்தான்.

ஜாமீன்தாரர் உறவுமுறையில 'அங்கிள்'. நீ பேசாம ம்ஜோம்பான்னு போட்டுட்டு நகர்ந்திருக்கே. ம்ஜோம்பான்னா அம்மா கூடப் பொறந்த மாமன். அப்பாவோட அண்ணன் பாபா ம்குப்வா, பெரிய அப்பா. அப்பாவோட தம்பி பாபா ம்டோகோ, சின்ன அப்பா. பெரியப்பன் சித்தப்பன்னு நாம சொல்றதை அப்படியே சொல்றான். அம்மாவோட அக்கா தங்கச்சிக்கு மாமா ம்குப்வா, மாமா ம்டோகோ, பெரிய அம்மா, சின்ன அம்மா. அப்பா கூடப் பொறந்தவளுக்கு மட்டும் ஷாங்காஸி, அத்தை. நம்ம கணக்கு, நம்ம மொறை. இதை இங்கிலீஷ் வழியா சுத்திக்கிட்டுப் போயி அங்கிள், ஆன்ட்டின்னு ரெண்டு பொட்டிக்குள்ள அடைச்சா, ஜாமீன் போட்டவன் மாமனா சித்தப்பனான்னு கடன் வசூலுக்குப் போறப்பத்தான் தெரியும். சொத்துத் தகராறுன்னு வந்துட்டா அந்த வித்தியாசம் என்ன பாடு படுத்தும்னு உனக்கு நான் சொல்ல வேண்டாம், நம்ம குடும்பத்துலயே பாத்திருக்கே.

தமிழைக் கண்ணை மூடிக்கிட்டும் நம்பாதே. மாமான்னா அங்க அம்மா. தாதான்னா அக்கா. காக்கான்னா அண்ணன். காயல்பட்டினத்துல கேட்டுப் பாரு, அங்கயும் அண்ணன் காக்காதான். பண்ருட்டியில போயி எவனையாவது அப்படிக் கூப்பிட்டுடாதே.

இதெல்லாம் போகட்டும், 'ரைட்'டுல நீ பண்ணியிருக்கிறது இருக்கே, அதை சட்டம் போட்டு மாட்டணும். திரையை 'ரைட்' பக்கம் தள்ளுன்னு ஒரு எடம். சரியான பதில்னு ஒரு 'ரைட்'. கடைசியில உரிமைகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவைன்னு வர்ற 'ரைட்ஸ்'. மூணுக்கும் ஒரே வார்த்தை, குலியா. குலியான்னா வலது பக்கம். அதுக்கு வேர் என்ன தெரியுமா? கூலான்னா சாப்பிடுறது, ம்கோனோ வா குலியான்னா சாப்பிடுறதுக்கான கை. நம்ம சோத்தாங்கைடா! வேற கண்டத்துல வேற ஒரு சனம் நாம வெச்ச பேரையே வெச்சிருக்கான். ஆகக்கூடி உன் தாளோட அடியில இருக்கிற சட்ட வாசகம் 'எல்லாச் சோத்தாங்கைகளும் பாதுகாக்கப்பட்டவை'ன்னு நிக்குது. உரிமைன்னா ஹாகி. சரியானதுன்னா சஹீஹி, சஹீஹிக்குக் கையெழுத்துன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, அதனால 'சஹீஹி' தனியா வந்தா கையெழுத்துப் போடச் சொல்றியா, சரின்னு சொல்றியான்னு பாத்து வை. குலியாவுக்கே அழுவுறதுன்னு இன்னொரு அர்த்தமும் உண்டு. கடன் ஆப்புல அது எங்கயாவது ஒரு எடத்துல பொருந்தத்தான் செய்யும்.

கல்யாணம் ஆனவரான்னு ஒரு பொட்டி வெச்சிருக்கீங்க, 'மேரீட்'. ஒத்தைப் பொட்டி பத்தாது. ஆம்பளைன்னா 'அமேஓவா', கட்டுனான். பொம்பளைன்னா 'அமேஓலேவா', கட்டப்பட்டா. அவனுக்கு அவன், அவள்னு பிரிச்சுச் சொல்ற வழக்கமே கெடையாது, எல்லாருக்கும் ஒரே 'அ'தான். ஆனா கல்யாணத்துல மட்டும் யாரு கட்டுனது யாரு கட்டிக்கிட்டதுன்னு வினைச்சொல்லே காட்டிக் குடுத்துடும். ஒரு பொம்பளை 'நிமேஓவா'ன்னு டிக் அடிச்சா ஊரே கூடிச் சிரிக்கும். பொண்ணைக் கட்டிக் குடுக்குற அப்பனுக்கும் தனியா ஒரு வினை இருக்கு, குஓஸா. அதே குஓஸாவுக்கு அழுகிப் போறதுன்னும் அர்த்தம். இதைக் கேட்டுட்டு உங்க ஆயா, 'தெரிஞ்சுதான் வெச்சிருக்கான்'னா. நான் வாயைத் தொறக்கல.

கழுவுறதுக்கும் இப்படித்தான், கைக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணு, பாத்திரத்துக்கு ஒண்ணு, ஒடம்புக்கு ஒண்ணு. கழுவு, தொவை, வெளக்கு, குளின்னு தமிழ்ல சொல்லிப் பாத்துக்கிட்டே எழுது, வந்துடும்.

தமிழ் ஒதவாத எடம் ஒண்ணு இருக்கு. 'நியூ'. நாம புதுன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டு புது மாப்பிள்ளை, புது வண்டி, புதுப் பானைன்னு எல்லாத்துக்கும் ஒட்டிடுவோம். அங்க பேர்ச்சொல்லெல்லாம் கூட்டம் கூட்டமாப் பிரிஞ்சு நிக்கும். மனுசன் ஒரு கூட்டம், மரம் ஒரு கூட்டம், சாமான் ஒரு கூட்டம், பழம் ஒரு கூட்டம். கூட வர்ற அடைமொழியும் அந்தக் கூட்டத்தோட முன்னொட்டைப் போட்டுக்கணும். புது ஆளு, ம்டு ம்ப்யா. புதுப் பொருள், கிட்டு கிப்யா. புது பாஸ்வேர்டு, நெனோசிரி ஜிப்யா. நெனோன்னா சொல்லு, சிரின்னா ரகசியம். உன் தாள்ல 'நியூ'ன்னு ஒரு கட்டத்துல இருக்கு, 'பாஸ்வேர்டு' பத்து வரி தள்ளி இருக்கு, 'மெசேஜ்' வேற பக்கத்துல இருக்கு. போன்ல அதை மெஷின் ஒட்டிக்குமாம். எதோட ஒட்டும்னு தெரியாம கிப்யாவா ஜிப்யாவான்னு எந்தச் சாமி வந்தாலும் சொல்ல முடியாது. இடையில இன்னொண்ணு, 'ஓப்பன்'ல நீ எழுதியிருக்கிறது 'தொற'ன்னு ஏவுறது. கடை தொறந்திருக்குன்னு சொல்லணும்னா அது வேற சொல்லு, வாஸி.

இந்தக் கூட்டப் பித்து அவனுக்கு எவ்வளவு தூரம்னா, அரபிக்காரன் கிட்டேர்ந்து 'கிதாப்'பை வாங்கி கிட்டாபுன்னு வெச்சுக்கிட்டான். முன்னால 'கி' இருக்கவும் இது சாமான் கூட்டம்னு முடிவு பண்ணி, பல புத்தகத்துக்கு விட்டாபுன்னுட்டான். ரோட்டுல வட்டமாச் சுத்துற முக்குல இங்கிலீஷ்காரன் 'கீப் லெஃப்ட்'னு பலகை வெச்சிருந்தான். தான்சானியாக்காரன் அந்த வட்டத்துக்கே கிப்பிலெஃப்டின்னு பேரு வெச்சான். ரெண்டு வட்டம் இருந்தா விப்பிலெஃப்டி. எனக்கு அந்த மொழியில ரொம்பப் புடிச்ச வார்த்தை எதுன்னா இதைத்தான் சொல்லுவேன். எந்தச் சபையும் கூடாம, எந்த வாத்தியாரும் சொல்லாம, வண்டி ஓட்டுறவன் பண்ணுன எலக்கணம்.

அடுத்தது பணத்தோட சம்பந்தப்பட்டது, கவனமாக் கேளு. 'தவணையைக் காலை ஏழு மணிக்குள் செலுத்தவும்'. நீ ஏழுக்கு ஏழுன்னு சா சாபான்னு எழுதியிருக்கே. சா சாபான்னா நம்ம கடியாரத்துல ஒரு மணி. அங்க விடிஞ்சாத்தான் கணக்கு தொடங்கும். நம்ம ஏழு அவனுக்கு சா மோஜா, மொதல் மணி. நம்ம உச்சிப்பொழுது பன்னெண்டு அவனுக்கு சா சீட்டா, ஆறாவது மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற சீமை, வருசம் பூரா சூரியன் ஏறக்கொறைய ஆறு மணிக்கு வந்துடுது, அவன் கணக்கு அவனுக்கு சரியாப் போகுது. எங்க தாத்தாவும் உதயத்துலேர்ந்துதான் நாழிகை எண்ணுவாரு, அதனால எனக்கு அது ஒண்ணும் அதிசயமாத் தெரியல. உன் வரியைப் படிச்சவன் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்குன்னு கால் நீட்டிப் படுத்திருப்பான். உங்க கம்பெனி மெஷின் ஏழு அடிச்சதுமே அபராதம் போட்டிருக்கும். அந்தச் சண்டையைத் தீக்க உன்னைத்தான் அனுப்புவாங்க, விமானச் செலவாவது மிஞ்சும்.

'கால் அஸ்'னு ஒரு பொத்தான். இதுல மட்டும் தமிழும் சுவாஹிலியும் கட்டிப்புடிச்சுக்கும். நாம அடிங்கிற ஒரு சொல்லை வெச்சுக்கிட்டு போன் அடிக்கிறோம், பெல் அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், கண்ணடிக்கிறோம். அவன் பீகான்னு ஒண்ணை வெச்சுக்கிட்டு நம்மளையும் தாண்டிப் போயிட்டான். பீகான்னா அடி. பீகா சிமு, போன் அடி. பீகா பாசி, இஸ்திரி போடு. பீகா பிச்சா, போட்டோ புடி. பீகா ம்ஸ்வாக்கி, பல்லு வெளக்கு. பீகா கூரா, ஓட்டுப் போடு. பல்லு வெளக்குறதுலேர்ந்து ஆட்சியைக் கவுக்குற வரைக்கும் எல்லாம் அடிதான்.

நீ 'கால்' பாத்துட்டு டுவீட்டேன்னு போட்டிருக்கே. அது பேரு சொல்லி வரச் சொல்றது, 'எங்களைக் கூப்பிடு'. படிக்கிறவன் யாரைடா கூப்பிடணும்னு சுத்திமுத்திப் பாப்பான். போன் பண்ணச் சொல்லணும்னா டுபிகியே சிமு. கவனி, அந்தச் சொல்லுக்கு உள்ள ஒரு 'இ' இருக்கு. 'எங்களுக்கு'ங்கிறதை அந்த 'இ'தான் தூக்கிக்கிட்டு நிக்குது. அதை முழுங்கிட்டு டுபீகேன்னு எழுதுனே, போச்சு. 'எங்களை அடிங்க'ன்னு ஆயிடும். கடன் ஆப்போட மொத பக்கத்துல பெரிய பச்சைப் பொத்தானா 'எங்களை அடிங்க'ன்னு வெச்சா, மசாசியிலேர்ந்து டாண்டஹிம்பா வரைக்கும் ஒருத்தன் விடாம அமுக்குவான்.

தொழில் என்னன்னு கேக்குற பட்டியல்ல 'மெர்ச்சண்ட்'டுக்கு பெபாரின்னு போட்டிருக்கே. இந்த வார்த்தைக்குப் பின்னால ஒரு நாட்டோட கதையே இருக்கு. பெபாரின்னா வேற ஒண்ணும் இல்ல, வியாபாரி. குஜராத்திக்காரன் 'வேபாரி'ன்னு சொன்னதை அந்தக் கடக்கரைக்காரன் காதுல வாங்குனது. போகப் போக அதுக்கு மொதலாளி, சுரண்டிப் பொழைக்கிறவன்னு அர்த்தம் ஏறிடுச்சு. ஜூலியஸ் நைரேரே நாட்டுக்குத் தலைவரா இருந்துக்கிட்டே ஷேக்ஸ்பியரை சுவாஹிலிக்குக் கொண்டாந்த மனுசன். 1963-ல ஜூலியஸ் சீசர். 1969-ல வெனிஸ் நகர வியாபாரி. ரெண்டாவதுக்கு அவரு வெச்ச பேரு 'மாபெபாரி வா வெனிஸி'. இங்கிலீஷ்ல ஒரு வியாபாரி. அவரு 'மா' போட்டுப் பல பேராக்கிட்டாரு. ரெண்டு வருசம் முன்னாலதான் 1967-ல அருஷா பிரகடனம் போட்டு பேங்கையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டது. அந்தச் சூட்டுல 'வெனிஸ் மொதலாளிங்க'ன்னு அட்டையில பாத்தவனுக்கு உள்ள என்ன இருக்கும்னு பக்கத்தைப் புரட்டாமலே தெரிஞ்சிருக்கும். வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, எனக்கு வேணுங்கிறது இதுன்னு அவரு தெரிஞ்சு எடுத்ததாத்தான் எனக்குப் படுது. நீ தெரியாம எடுத்து, பொட்டிக்கடையில சோப்பும் தீப்பெட்டியும் விக்கிறவனைச் சுரண்டல்காரன் பட்டியல்ல சேத்துட்டே. அவனுக்கு ம்ஃபன்யாபியாஷாரான்னு மரியாதையான பேரு ஒண்ணு இருக்கு. வாயில நொழையலன்னா எழுத்துக் கூட்டி எழுதிக்கோ.

வார்த்தைக்குப் பஞ்சம் வந்தா பாக்குறதுக்கு அங்க சபை இருக்கு. பாகிட்டான்னு தேசிய சுவாஹிலி மன்றம், அதுவும் 1967-ல வந்ததுதான். தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்து ஆளுங்க போட்ட இங்கிலீஷ்-சுவாஹிலி அகராதி 1996-ல வந்திருக்கு, நல்ல அகராதி, வாங்கி வை. அதே சமயம் கடைத்தெருவுல எது ஓடுதுன்னும் பாரு. கென்யாவுல பள்ளிக்கூடப் புத்தகத்துல கம்ப்யூட்டரை டாரகிலிஷின்னு படிக்கிற பையன் வெளியில வந்தா கொம்ப்யூட்டாங்கிறான். கணினி படிச்ச நமக்கு இது புதுசா?

நான் அங்க பண்ணுன வேலை உனக்குத் தெரியும். கப்பல்ல ஏத்தித் தூத்துக்குடிக்கு அனுப்புறதுக்கு முன்னால, ம்ட்வாரா கிட்டங்கியில மூட்டைக்குள்ள கைய விட்டு மாதிரி எடுத்து, ஒவ்வொரு கொட்டையா வெட்டிப் பாப்பேன். வெளியிலேர்ந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். வெட்டுனாத்தான் பருப்பா, சொத்தையா, வெறும் கூடான்னு தெரியும். உன் தாள்ல இருக்கிற இங்கிலீஷ் வார்த்தையும் அந்தக் கொட்டைதான், ஆனா உனக்கு வெட்டிப் பாக்க விடாம மூட்டையை மூடித் தச்சு அனுப்பியிருக்கானுங்க. தப்பு பாதி அவங்களது. வாக்கியத்துலேர்ந்து வார்த்தையைப் பிச்சு எடுத்துக் கட்டத்துல போட்டுட்டு, 'இதுக்கு சுவாஹிலியில என்ன?'ன்னு கேட்டா எவனால சொல்ல முடியும்? திருப்பிக் கேளு. இது எந்தத் திரையில வருது, யாரு யாருக்குச் சொல்றா, முன்னால என்ன இருக்கு, பின்னால என்ன இருக்குன்னு கேளு. கேள்வி கேட்டா மட்டம்னு நெனப்பாங்களோன்னு பயந்துதானே டிக் டிக்குனு அடிச்சிருக்கே? ம்ட்வாராவுலேயோ டாங்காவுலேயோ அந்த மொழியில கனவு காணுற ஒருத்தனைச் சம்பளத்துக்கு வெச்சுக்கச் சொல்லு. உன் சம்பளத்துல கை வெக்காமலே அவங்களால முடியும்.

பணச் சொல்லுங்க மிச்சம் இருக்கு, சுருக்கமாச் சொல்லிடுறேன். 'பிராஞ்ச்'சுக்கு டாவின்னு போட்டது சரி. மரத்துக்கும் பேங்குக்கும் நமக்குக் கிளை இருக்கிறாப்புல அவனுக்கும் ஒரே சொல்லு. 'பேலன்ஸ்'சுக்கு மிஸானி போட்டது சரியில்ல. மிஸானின்னா தராசு. கொட்டை விக்கிறவன் கிட்டப் போயி தராசுப் பேச்சை எடுக்காதே, அவனுக்கு வாங்குறவன் மேல ஆயிரம் சந்தேகம். கணக்குல மீதி இருக்கிறதுக்கு சாலியோ. 'ஃப்ரீ'ன்னா பணம் வாங்காம குடுக்குறது பூரே, அடிமைப்படாதது ஹூரு. பூரேக்கு நம்ம 'சும்மா' கணக்கா வெட்டி, வீண்ங்கிற அர்த்தமும் உண்டு, அதனால 'பூரே சேவை'ன்னு தலைப்புல பெருசாப் போடாதே. கடன் வாங்குனா கோப்பா, குடுத்தா கோப்பேஷா. ரெண்டு எழுத்துல மொதலாளி கடனாளி ஆயிடுவான்.

'இன்ட்ரஸ்ட்'டுக்கு ஹாமு போட்டிருக்கே. ஹாமுன்னா ஆசை, ஏக்கம். வட்டிக்கு ரீபா. 'உங்கள் ஏக்கம் மாதாமாதம் கூடும்'னு இருக்கிற வரியை அடிச்சுட்டு வட்டின்னு எழுது. படிக்க அழகாத்தான் இருக்கு, இருந்தாலும் அடி.

கடைசி வரி 'சார்ஜ்'. போனுக்கு மின்சாரம் ஏத்துறது சாஜி. அதை எப்படியோ சரியாப் போட்டுட்டே. பணம் அனுப்புனா கட்டணம் புடிப்போம்னு சொல்ற எடத்துல உட்டாஷ்டாகிவான்னு இருக்கு. 'உன்மேல வழக்குப் போடப்படும்'னு அர்த்தம் அதுக்கு. கட்டணம் புடிக்கிறதுன்னா உட்டாட்டோஸ்வா. மத்ததையெல்லாம் நீயே மாத்திடு, இதை மட்டும் மாத்துறதுக்கு முன்னால உங்க மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டுக்கோ. போன்ல கடன் குடுக்குற கம்பெனி, ஒருவேளை அவங்க அதைத்தான் சொல்ல வந்தாங்களோ என்னமோ.